கறையின் கரை

தக்குவரெம்போவில் மழை பிடித்த வியாழன்.
நோட்டரி எச்செகராயின் வாசலில் குடையை உதறி
உள்ளே போகிறேன்.
கையில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் இரண்டு புட்டி, நாற்பது பஞ்சுக்குச்சி.

மூவர் அமரும் தோல் சோபா.
உருகுவேயில் தோலுக்கா பஞ்சம்,
வாங்கும்போது மலிவு, துடைக்கும்போதுதான் விலை தெரியும்.
வலது கைப்பிடியில் நீலம்.

"பேனா கசிந்துவிட்டது" என்றார்.

கசிந்த மை குட்டையாகத் தேங்கும்.
இவை கோடுகள்.
நாலு நெட்டு, குறுக்கே ஒன்று.
நாலு நெட்டு, குறுக்கே ஒன்று.
கைப்பிடியின் உட்புறத்தில்,
பெரியவர் பார்வை இறங்காத உயரத்தில்.

நான் எதுவும் கேட்கவில்லை.
சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று
கூலி பேசி வந்தவள் நான்.

முதலில் சோபாவின் அடிவயிற்றில் ஒரு சொட்டு.
யாரும் பார்க்காத இடத்தில்
சாராயம் தன் குணத்தைக் காட்டட்டும்.
சாயம் வரவில்லை. நல்லது.

காரியதரிசி எல்பியா மாத்தே கொண்டுவந்தாள்.
தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை நேற்றே அடித்தாளாம்,
அழுத்தித் தேய்த்தாளாம்.
அதனால்தான் ஓரமெல்லாம் மேகம்.

தேய்க்கக் கூடாது, எல்பியா.
தேய்த்தால் மை ஓடும்.
ஒற்றி எடுக்க வேண்டும்.
கறைக்கும் ஒரு கரை உண்டு,
அங்கிருந்து உள்ளே போக வேண்டும்.
நடுவில் குதித்தால்
ஊர் முழுக்க நீலம்.

ஒரு குச்சி ஒரு கோட்டுக்கு.
நீலம் ஏறிய தலையைத் திருப்பி மறுதலை.
பிறகு புதுக்குச்சி.
கஞ்சத்தனம் பார்த்தால்
எடுத்த மையை எடுத்த இடத்திலேயே வைப்போம்.

எல்பியா குரலைத் தாழ்த்தினாள்:
"செவ்வாய்க்கிழமை ஒரு பிரிவினைப் பத்திரம்.
வீடு அவளுக்கு, லாரி அவனுக்கு,
மாடுகள் பாதிப்பாதி, ஒற்றையாய் மிஞ்சிய கிடாரிக்கு
ஒரு மணி நேரம் வாக்குவாதம்.
பையனை இங்கே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.
சத்தமே போடாத பிள்ளை என்று
நான்தான் மெச்சினேன்.
பேனாவும் நான் கொடுத்ததுதான்."

"பையன் யாருக்கு?"

"அதற்கு வேறு தேதி."

மாத்தே ஆறிப்போயிருந்தது.

அவள் போன பிறகு
தரையில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தேன்.
கால்நடை மருந்துக்கடைக் காலண்டர்.
பாதி ஜன்னல்.
அந்தப் பாதியில் தபாலாபீஸ் கூரையும் ஒரு கம்பியும்.
கம்பியில் பறவையும் இல்லை.
எதை எண்ணியிருப்பான்?
போகிற லாரிகளையா,
அவற்றில் அப்பாவுடையதையா,
கதவுக்குப் பின்னால் உயர்ந்து தாழ்ந்த குரல்களையா?
கிடாரியின் பேரைச் சொன்ன தடவைகளையா?
அதற்குப் பேர் இருந்திருக்கும். அவன் வைத்தது.

பதினோரு கட்டு.
பன்னிரண்டாவது மூன்றோடு நிற்கிறது.
அப்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

மதியத்துக்குள் எல்லாம் போயிற்று.
மை போன இடம் வெளுத்திருந்தது,
அதற்கு நிறக்களிம்பு, காற்று, மறுபடி களிம்பு.
துணியால் மெருகேற்றியபோது
கோடுகளுக்குக் கீழே இன்னொரு கோடு,
நீளமாக, மேடாக, நகத்துக்குத் தட்டுப்பட்டது.

நோட்டரி கண்ணாடியை இறக்கிக் குனிந்தார்.
"இதையும் எடுத்துவிடு."

"இது உங்கள் மை இல்லை ஐயா.
மாடு முள்கம்பியில் கிழித்துக்கொண்டது.
உயிரோடு இருக்கும்போதே ஆறிவிட்டது.
இதில் எனக்கு வேலையில்லை."

அவருக்குத் திருப்தியில்லை.
ஆனாலும் ரசீது கேட்டார்.
மேசையிலிருந்த பேனாவை நீட்டினார்.
அது கசிந்தது, நிஜமாகவே.
என் கட்டைவிரல் நீலமாகி
காகிதத்தின் மூலையில் கைநாட்டுப் போல விழுந்தது.

அளவு என்ற கட்டத்தில்
ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

"சதுர சென்டிமீட்டரா?"

"ஆமாம்" என்றேன்.

நாக்கில் விரலைத் தொட்டு
நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்.
வெளியே ஒரு லாரி போயிற்று.